கோணிப்போன கட்டை விரலும் 19,999 ரூபாயும்

மதுரையில் ஒரு பெரிய துணிக்கடையில் சுடிதார் பிரிவில் ஒன்பது வருடம் நின்றேன். வேலை பார்த்தேன் என்று எழுதத்தான் கை போனது. ஆனால் நின்றேன் என்பதுதான் சரி. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதுக்கு மேல்தான் வெளியே வருவோம், நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மெரூன் சேலை, கறுப்பு கட் ஷூ, இதுதான் சீருடை. ஷூவைக் கடையிலேயே கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். முன்பக்கம் கூம்பு மாதிரி குறுகி, பின்னால் ஒன்றரை அங்குலம் ஹீல்ஸ் வைத்த ஷூ. என் கால் ஏழாம் நம்பர். கடையில் ஆறு வரைதான் இருப்பு. "போடப் போட விரிஞ்சிரும்" என்றார் சூப்பர்வைசர். ஷூ விரியவில்லை, என் கால்தான் அதற்கேற்ற மாதிரி மாறிக்கொண்டது.

முதலில் காட்டிக்கொடுத்தது மெட்டி. 2019இல் ஒருநாள் கால் நகம் வெட்ட உட்கார்ந்தபோது பார்த்தேன். வலது கால் மெட்டி, கட்டை விரலைத் தொடும் பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. மூன்றாவது விரல் பக்கம் பூ வேலைப்பாடு வாங்கின அன்று இருந்த மாதிரியே இருந்தது. வெள்ளி சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். கட்டை விரல் சாய்ந்து வந்து நாள் முழுக்க அதில் உரசுகிறது என்று அன்றைக்கே தோன்றியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. மூன்று வருடம் கழித்து இரண்டாவது விரல் வீங்கி, மெட்டியைக் கழற்ற முடியாமல், நகைப் பட்டறையில் கொண்டுபோய் வெட்டி எடுத்தோம். "மெட்டி இல்லாம வெறுங்காலோட நிக்கிறியே" என்று மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தைக்கு என்ன சொல்லிப் புரிய வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

அதற்குள் கட்டை விரலின் அடிமூட்டில், பாதத்தின் உள்பக்கமாக, பெரிய கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு புடைப்பு வந்துவிட்டது. மாலை ஆறு மணிக்கு மேல் அது சிவந்து எரியும். கணவர் திருப்பூரில் இருக்கிறார், மாதம் ஒருமுறைதான் வருவார். பள்ளிக்கூடம் போகும் மகளைப் பயமுறுத்த வேண்டாம் என்று அவளிடமும் சொல்லவில்லை. தெருமுனை கிளினிக்கில் காட்டினேன். கட்டை விரல் மூட்டு, வலி, சிவப்பு. இந்த மூன்றையும் கேட்டதுமே யூரிக் ஆசிட் என்று முடிவாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் அளவு கொஞ்சம் கூட இருந்தது. நான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், கறியை விட்டேன், பருப்பைக் குறைத்தேன். ஐந்து முறை கிளினிக், மூன்று முறை ரத்தம், மாத்திரை எல்லாம் சேர்த்து 4,050 ரூபாய். ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கியது. விரல் மட்டும் இருந்த இடத்தில் கோணிக்கொண்டே இருந்தது.

இதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யூரிக் ஆசிட் வாதம் பொய் இல்லை, அது நிஜமாகவே கட்டை விரல் மூட்டில்தான் அடிக்கடி வரும். ஆனால் அது வருகிற விதம் வேறு. ராத்திரி நன்றாகப் படுப்பீர்கள், விடியும்போது போர்வை பட்டாலும் தாங்க முடியாத அளவுக்கு மூட்டு சிவந்து கொதிக்கும், சில நாளில் இறங்கிவிடும். எனக்கு வந்தது வருடக்கணக்கில் மெதுவாக வந்தது, ஷூ போட்டால் கூடியது, கழற்றினால் குறைந்தது. ரத்தத்தில் அளவு கொஞ்சம் கூட இருப்பதால் மட்டும் வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. "விரல் சாய்ந்திருக்கிறதே, அதற்கும் யூரிக் ஆசிட்தான் காரணமா?" என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் ஆன்லைன். ராத்திரி கட்டிக்கொண்டு படுத்தால் விரல் நிமிர்ந்துவிடும் என்ற பட்டை 1,299, விரலிடுக்கில் வைக்கும் சிலிக்கான் துண்டு 450, காந்த மோதிரம் 350. காந்த மோதிரத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்த ராத்திரிகளில் விரல் நேராக இருக்கும், கொஞ்சம் இதமாகவும் இருக்கும். காலையில் அவிழ்த்து நான்கு அடி வைத்தால் பழைய இடத்துக்கே போய்விடும். ஏன் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

வலி தாங்காமல் ஒரு தனியார் எலும்பு மருத்துவரிடம் போனேன். படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். பார்த்த உடனே "இது பனியன்மா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று இரவு கணவரிடம் போனில், "டாக்டர் பனியன்னு சொல்றாருங்க" என்றேன். அவர் பனியன் கம்பெனியில் தைக்கிறவர். "பனியனா? என்ன சைஸ் வேணுமாம்?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். டாக்டர் சொன்னது bunion என்ற ஆங்கிலச் சொல், கட்டை விரல் மூட்டில் வரும் இந்தப் புடைப்புக்குப் பேர். மருந்துச் சீட்டில் அதன் மருத்துவப் பேர், ஹாலக்ஸ் வால்கஸ் என்று எழுதியிருந்தது. இதற்கு நம் பக்கம் புழக்கத்தில் ஒரு சொல்லே இல்லை. விரல் கோணிப்போச்சு, எலும்பு புடைச்சிருச்சு என்றுதான் சொல்கிறோம். பேர் தெரியாததால்தான் இவ்வளவு நாள் யாரிடமும் கேட்கவும் தெரியாமல் இருந்தேனோ என்னவோ.

அந்த மருத்துவர், எலும்பு வளர்ந்திருக்கிறது, சீவி எடுத்துவிடலாம், 45,000 ஆகும் என்றார். பயத்தில் 5,000 முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டு நாளில் போய் வேண்டாம் என்றேன். 3,000 திரும்பி வந்தது. மீதி 2,000 எதற்குப் போனது என்று ரசீதும் இல்லை, பதிலும் இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கட்டும்போது, திரும்பக் கேட்டால் எவ்வளவு வரும் என்பதை எழுதி வாங்கிக்கொண்டுதான் பணத்தை எடுக்க வேண்டும். இருமுறை பார்த்த ஃபீஸ் 1,400, எக்ஸ்ரே 450. நடுவில் ஒரு கடையில் கண்ணாடி மேல் நிற்க வைத்து அளவெடுத்து, ஷூவுக்குள் வைக்க பாதத் தட்டு செய்து கொடுத்தார்கள், அது 3,200.

கடைசியில் போனது அரசு மருத்துவமனை. காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று, பதினொன்றரைக்கு டாக்டரைப் பார்த்தேன். என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தவர் கேட்ட முதல் கேள்வி, "படுத்து எடுத்ததா, நின்னு எடுத்ததா?" படுத்து என்றதும் திரும்ப எழுதிக் கொடுத்தார், நின்று எடுக்கச் சொல்லி. படுத்து எடுத்ததில் கட்டை விரல் சாய்ந்திருந்த கோணம் 22 டிகிரி. அதே கால், நின்று எடுத்ததில் 28. உடம்பின் எடை இறங்கும்போது எலும்புகள் எப்படி விலகி நிற்கின்றன என்பதுதான் விஷயம், கட்டிலில் படுத்துக்கொண்டு யாரும் நடப்பதில்லையே. 15 டிகிரி வரை சாதாரணம், 40க்கு மேல் போனால் மோசம், நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள் என்றார். கால் கோணலுக்கு எக்ஸ்ரே எழுதினால், நின்றுகொண்டு எடுக்க வேண்டுமா என்று அந்த அறையிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எனக்கு அதில் போனது 450.

அங்கிருந்து பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு என் தங்கை வயதுகூட இருக்காது. அவள் செய்து காட்டியதைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். மேஜையில் இரண்டு பால்பாயின்ட் பேனாக்களை முனைக்கு முனை தொடுமாறு நேராக வைத்தாள். "பின்னாடி இருக்கிறது பாதத்து எலும்பு, முன்னாடி இருக்கிறது கட்டை விரல்" என்றாள். கட்டுத்துணியிலிருந்து ஒரு நூலை உருவி, முன் பேனாவின் நுனியில் பிளாஸ்டரால் ஒட்டி, இரண்டு பேனா மேலும் நீளமாகக் கொண்டுவந்து பின்னாலிருந்து மெல்ல இழுத்தாள். பேனாக்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நேராகவே நின்றன. "இதுதான் நல்ல கால். தசைநார் இழுக்க இழுக்க மூட்டு இறுகும்." அப்புறம் முன் பேனாவைச் சின்ன விரலால் ஒரு தட்டு தட்டினாள், இம்மிதான் சாய்ந்தது. மறுபடி இழுத்தாள். நூல் பேனா மேலிருந்து வழுக்கி, சாய்ந்த பக்கமாக இறங்கிக் குறுக்கு வழி பிடித்தது. முன் பேனா இன்னும் சாய்ந்தது. இரண்டும் சந்திக்கிற இடம் எதிர்ப்பக்கமாகத் துருத்திக்கொண்டு வெளியே வந்தது. அதே இழுப்பு, அதே நூல். "பார்த்தீங்களா அக்கா, துருத்திக்கிட்டு நிக்குதே, இதுதான் உங்க புடைப்பு."

நான் அந்தப் பேனாக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளர்ந்த எலும்பு என்று சீவ இருந்தது, பெரும்பாலும் என் பாதத்து எலும்பின் தலைதான், இடம் விலகி வெளியே வந்து நிற்கிறது. அதைச் சீவிவிட்டு நூலை அப்படியே விட்டால் திரும்பச் சாயத்தானே செய்யும்? டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார்: கோணலுக்குச் செய்யும் அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் எலும்பையே வெட்டி, நகர்த்தி, திருகாணி போட்டு நேராக்குவது. ஆறு வாரம் தனிச் செருப்பில் குதிகால் ஊன்றி நடக்க வேண்டும், வீக்கம் முழுதாக வடிய மாதக்கணக்கில் ஆகும். நல்ல செருப்புக்கும் அடங்காத வலி இருந்தால்தான் செய்ய வேண்டும், அழகுக்காகச் செய்யக்கூடாது.

நூல் ஒன்று மட்டும் இல்லை. கட்டை விரலை மற்ற விரல்களிடமிருந்து விலக்கிப் பிடிக்க உள்பக்கம் ஒரு தசை இருக்கிறது, மற்ற விரல்கள் பக்கமாக இழுக்க இன்னொன்று. எலும்பு விலகும்போது முதல் தசை பாதத்துக்கு அடியில் வழுக்கிப் போய்விடுகிறது. அப்புறம் அது இழுத்தால் விரலை மடக்கத்தான் முடியும், விலக்க முடியாது. இன்னொரு தசைக்கு எதிராளியே இல்லை. ஒரு பக்கம் ஆள் இல்லாத கயிறு இழுக்கும் போட்டி. மூட்டுக்கு அடியில் எள்ளைப் பார்த்துப் பேர் வைத்த இரண்டு குட்டி எலும்புகள் இருக்கின்றனவாம். பேர்தான் எள், அளவு பட்டாணி. கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுகிற பள்ளம் மாதிரி எலும்புக்கு அடியில் பள்ளம் இருக்கிறது, அவை அதில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். என் காலில் எலும்பு நகர்ந்து, பள்ளமும் கூடவே போய், குட்டி எலும்புகள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. நின்று எடுத்த எக்ஸ்ரேயில் அது எனக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் பேனா வித்தையைச் செய்து காட்டினேன். அவள் பிளஸ் ஒன், கணக்குப் பிரிவு. "அம்மா, இது விசையைக் கூறு பிரிக்கிறதுதாம்மா" என்று ரஃப் நோட்டை எடுத்தாள். தசைநார் 28 டிகிரி சாய்வாக இழுத்தால், அந்த இழுப்பில் சைன் 28 பங்கு பக்கவாட்டில் போகும், ஏறக்குறைய பாதி. 10 டிகிரி என்றால் ஆறில் ஒரு பங்குதான். "சாய்வு ஏறக்குறைய மூணு மடங்கு, பக்கத்துல தள்ளுறதும் ஏறக்குறைய மூணு மடங்கு." நிஜக் கால் இவ்வளவு சுலபமான கணக்கு இல்லை என்று அவளே சொன்னாள். ஆனாலும் சாயச் சாய இழுப்பு கூடுகிறது, இழுக்க இழுக்கச் சாய்வு கூடுகிறது. ராத்திரிப் பட்டை ஏன் வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எட்டு மணி நேரம் படுத்துக்கொண்டு நேராக வைத்தேன், பன்னிரண்டு மணி நேரம் நின்று நடந்து கோணலாக இழுக்க விட்டேன். அடி எடுத்து வைக்கக் காலை உந்தும் நொடியில் உடம்பு எடைக்கும் கொஞ்சம் கூடுதலாகவே முன்பாதத்தில் இறங்குகிறதாம். அந்த நொடியில்தான் கட்டை விரல் தரையை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அது பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் பாதமே சாட்சி. கட்டை விரல் லீவு போட்ட அன்று இரண்டாவது விரல்தான் இரண்டு ஷிஃப்ட் பார்க்கும். இரண்டாவது விரலுக்கு நேர் கீழே உள்ளங்காலில் நாணயம் அளவு காய்ப்பு. கால் ஆணி என்று நினைத்துப் பல மாதம் பிளேடால் சீவிக்கொண்டிருந்தேன். யாரும் அப்படிச் செய்யாதீர்கள், சர்க்கரை இருப்பவர்கள் கட்டாயம் செய்யாதீர்கள். எடை இறங்குகிற இடம் மாறாமல் காய்ப்பு மட்டும் போகாது, சீவினால் திரும்ப வரும். அந்த 3,200 ரூபாய்த் தட்டைப் பார்த்த பிசியோதெரபி பெண், மெத்தை காய்ப்புக்கு நேர் அடியில் இருக்கிறது, அதற்குச் சற்றுப் பின்னால் இருந்தால்தான் எடையைத் தாங்கும் என்றாள். அவளே ஒரு துண்டு வெட்டிப் பின்னால் தள்ளி ஒட்டிக் கொடுத்தாள். அந்த ஒரு விரற்கடை தூரத்தில் வலி பாதி குறைந்தது.

வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்ள அவள் சொன்னது ஒன்று. நின்றுகொண்டு இன்னொருவரை உங்கள் கட்டை விரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள். உள்ளங்கால் வளைவு தானாக எழும்ப வேண்டும். பாதத்துக்கு அடியில் ஓடும் பட்டை, கட்டை விரல் மூட்டில் கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவது போலச் சுற்றி இறுகுவதால் அப்படி எழும்புகிறது. என் இடது காலில் எழும்பியது. வலது காலில் மகள் தூக்கித் தூக்கிப் பார்த்தும் வளைவு தூங்கிக்கொண்டே இருந்தது. இதை வைத்து நீங்களாக நோய்க்குப் பேர் வைக்க வேண்டாம், போய்க் காட்டுவதற்கு ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியது இன்னொன்று. பழைய செய்தித்தாளில் சாயங்காலம் எழுந்து நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். காலையில் வேண்டாம், சாயங்காலம்தான் பாதம் வீங்கி அதன் முழு அளவில் இருக்கும். அந்தக் கோட்டின் மேல் ஷூவை வையுங்கள். என் ஷூவை வைத்தபோது இரண்டு பக்கமும் அரை விரல் அகலத்துக்குக் கோடு வெளியே தெரிந்தது. அந்த அரை விரலை ஒன்பது வருடம் எங்கே மடக்கி வைத்திருந்தேன் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்கியது. ஷூ ஒன்றுதான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன், என் அம்மாவுக்கும் இதே விரல், அவர் வாழ்நாள் முழுக்கத் தோல் செருப்புதான் போட்டார். உடல்வாகு அங்கிருந்து வருகிறது, ஷூ அதை வேகப்படுத்துகிறது. இப்போது முன்பக்கம் அகலமான எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் செருப்பு, பின்னால் வார் வைத்தது. வார் இல்லாத செருப்பைப் பிடித்து நடக்க விரல்கள் நாள் முழுக்க மடங்கிக்கொண்டே இருக்கும். தினமும் கட்டை விரலை மட்டும் தனியே விரிக்கும் பயிற்சி, முதல் இரண்டு வாரம் விரல் அசையவே இல்லை, மூளையில் அந்த ஒயரே அறுந்த மாதிரி. இப்போது இம்மி அசைகிறது. கோணல் நிமிரவில்லை, நிமிராது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். வலி இருக்கும் நாள் குறைந்திருக்கிறது, அது போதும்.

மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மருந்து, பட்டை, எக்ஸ்ரே, முன்பணம், தட்டு எல்லாம் சேர்த்து 13,199. பதினேழு நாள் லீவுக்குச் சம்பளப் பிடித்தம், நாளுக்கு 400 வீதம் 6,800. ஆக 19,999. சேலையில் ஒட்டும் விலைச்சீட்டு மாதிரியே வந்து நிற்கிறது.

கடையில் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். எங்கள் பிரிவுக்கும் நான்கு முக்காலி வந்தது. அடுத்த வாரமே அவற்றின் மேல் சுடிதார் கட்டுகள் ஏறிவிட்டன. அரசு மருத்துவமனைச் சீட்டோடு மேனேஜரிடம் போய், பட்டுப் பிரிவுக்கு மாற்றிக் கேட்டேன். அங்கே மெத்தையில் வெறுங்காலோடு உட்கார்ந்துதான் சேலை விரித்துக் காட்டுவோம். மூன்று முறை கேட்ட பிறகு மாற்றினார்கள். முதல்முறையே சீட்டின் நகலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

போன மாதம் மகளின் பள்ளிக்கூடக் கறுப்பு ஷூவை அதே மாதிரி செய்தித்தாளில் வைத்துப் பார்த்தேன். கோடு வெளியே தெரிந்தது. அவளுக்கு என் அம்மாவின் கால். இரண்டு கடை ஏறி இறங்கியும் பெண் பிள்ளைகள் ஷூ எல்லாம் முன்னால் குறுகித்தான் இருந்தது. மூன்றாவது கடையில் பையன்கள் வரிசையில் அகலமாக ஒன்று கிடைத்தது. "ஐயோ அம்மா" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். பையனுக்கா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன்.